மக்கள் வந்து ரசிக்கவும் வேண்டும், உயிரினங்களும் தங்க வேண்டும்: ஓர் இயற்கைப் பூங்காவைப் பராமரிக்க எதிலிருந்து தொடங்குவது?

பாதையிலிருந்து தொடங்குங்கள். அறிவிப்புப் பலகையைப் படிக்காதவர்கூட, காலுக்கு வசதியாக இருந்தால் பாதையை விட்டு இறங்க மாட்டார்.

பாதை கெடுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஓரிடம் சேறானதும் வருகிறவர்கள் ஒதுங்கிப் புல்லில் நடப்பார்கள். அந்தப் புல் செத்து அதுவும் சேறாகும், அடுத்தவர் இன்னும் தள்ளி நடப்பார். இப்படியே பாதை அகன்றுகொண்டே போகும். சேற்றின் மேல் ஜல்லி கொட்டிப் பயனில்லை, உள்ளே புதைந்துவிடும். முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள். சரிவான நிலத்தில் பாதைக்குப் பள்ளப் பக்கமாக வாட்டம், அதாவது லேசான சாய்வு, கொடுக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. போதும். நேரான பலகையைக் குறுக்கே வைத்து ரசமட்டத்தால் சரிபார்த்துவிட்டு, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். குறுக்கே கடந்து வெளியேறினால் சரி. பாதையோடு ஓடினால் வாட்டம் பற்றவில்லை.

நாளாக ஆக வெளி விளிம்பில் மண்ணும் சருகும் சேர்ந்து சின்ன வரப்பு மாதிரி எழும்பித் தண்ணீரைத் தேக்கும். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது மண்வெட்டியால் செதுக்கி எடுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். ஏற்றமும் முக்கியம்: பாதையின் சரிவு, நிலத்தின் சரிவில் பாதியைத் தாண்டாமல் இருக்கட்டும். தாண்டினால் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும்.

குளத்தைச் சுற்றி வட்டப்பாதை போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு கரையை மக்களுக்குக் கொடுங்கள், எதிர்க்கரை நாணலும் புதருமாக இருக்கட்டும். எந்தப் பக்கமும் ஆள் வந்தால் கூடு கட்டும் பறவைக்கு ஒதுங்க இடமில்லை. பறவைகளை மறைந்து நின்று பார்க்கத் துளையிட்ட தட்டி வைத்தால் துளைகளை இரண்டு உயரத்தில் விடுங்கள். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்க வேண்டுமே.

புல்வெளியை ஒரே நாளில் முழுக்க வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை அடுத்த முறைக்கு விட்டுவையுங்கள், பூச்சிகள் அங்கே பிழைத்துக்கொள்ளும். வெட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போங்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வந்தால் தவளையும் முயலும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெட்டிய புல்லை ஓரிரு நாள் கிடக்கவிட்டு அள்ளிவிடுங்கள். அங்கேயே மட்கினால் மண்ணில் சத்து ஏறி முரட்டுப்புல் மண்டும், காட்டுப்பூக்கள் காணாமல் போகும். பாதையோரம் ஒரு மீட்டர் பட்டையை மட்டும் ஒட்ட வெட்டி வைத்தால், உள்ளே உயரமாக நிற்கும் புல்லும் வேண்டுமென்றே விட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். ‘கவனிக்க ஆளில்லை’ என்ற புகார் வெகுவாகக் குறையும்.

பட்டமரம் பாதையிலிருந்து தன் உயரத்தைவிட நன்றாகத் தள்ளி நின்றால் தொடவே வேண்டாம். மரங்கொத்திக்கும் வண்டுப் புழுக்களுக்கும் அது வீடு. பாதைக்கு அருகில் என்றால் கிளைகளை இறக்கி, அடி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று நான்கு மீட்டர் உயர மொட்டைத்தண்டாக நிறுத்தலாம். இறக்கிய கட்டைகளை அருகிலேயே நிழலில் அடுக்கிவிடுங்கள்.