மூச்சு வாங்குகிறது என்று அப்பா நடப்பதையே நிறுத்திவிட்டார், பயிற்சிக்கு டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று தடைபடுகிற நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று நான்கு வருடமாக இன்ஹேலர் எடுக்கிறார், சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மூச்சுத்திணறல் அதிகமாகி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது குளித்துவிட்டு வந்து துண்டால் முதுகைத் துடைத்தாலே கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சு வாங்குகிறார். பல்மனரி ரீஹேப், அதாவது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிப் படித்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன். "இந்த நிலைமையில் உடற்பயிற்சியா? ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள்" என்றார். அது நிஜமாகவே பயன்படுமா? பக்கத்தில் மையம் இல்லை என்றால் என்ன செய்வது?

பயன்படும். அதுவும் உங்கள் அப்பா இப்போது இருக்கிற கட்டம்தான் அதற்கு மிகவும் பொருத்தமான நேரம். மூச்சுத்திணறல் திடீரென அதிகமாகி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்களுக்கு, டிஸ்சார்ஜ் ஆன நான்கு வாரத்துக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

அந்தத் துண்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சிஓபிடி உள்ளவருக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. கழுத்து, தோள் தசைகளும் சேர்ந்து கைகொடுத்துத்தான் அவர் மூச்சே ஓடிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கி முதுகுக்குக் கொண்டுபோனதும் அந்தத் தசைகளுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, மூச்சு வேகமெடுக்கிறது, பழைய காற்று முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு உள்ளே வருகிறது, நெஞ்சு பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. இந்தத் திணறலுக்குப் பயந்து மனிதர் ஒவ்வொன்றாகக் குறைப்பார், முதலில் மாடிப்படி, அப்புறம் வெளியே போவது, அப்புறம் வீட்டுக்குள் நடப்பது. கால் தசை இளைக்கும். இளைத்த தசை பத்தடி நடப்பதற்குள் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடும், அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக மூச்சு கேட்கும். ஓய்வு எடுக்க எடுக்க மூச்சு அதிகம் வாங்குவது இதனால்தான். இன்ஹேலர் மூச்சுக்குழாயைத்தான் விரிக்கும், கால் தசையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ரீஹேப் கை வைப்பது அங்கேதான். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரியின் எண் இதனால் பெரிதாக மாறாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் விட்டுவிடுவீர்கள். மாறுவது நடை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் 65 ஆய்வுகள், 3,822 நோயாளிகள். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாகச் சுமார் 44 மீட்டர் கூடியது, சுமார் 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு. மூச்சுத்திணறல், சோர்வு, மனபாரம் எல்லாமும் குறைந்தன.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அவர் அக்கறையில்லாமல் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவப் படிப்பில் நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து எழுதவும் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதில்லை. அனுப்புவதற்கு மையம் இல்லாததால் டாக்டருக்கு அந்த நினைப்பே வருவதில்லை, யாரும் அனுப்பாததால் இருக்கிற மையமும் நிற்பதில்லை. அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியும் ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கமும் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட கொள்கை அறிக்கையே மருத்துவர்களுக்கு விழிப்புணர்வு போதாததையும் நோயாளிகளுக்கு இது கிடைக்காததையும்தான் முக்கியக் குறைகளாகப் பேசியது. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இருந்தவர்களை வைத்து 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. 2014-இல் சிஓபிடிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,97,376 பேரில் 90 நாளுக்குள் ரீஹேப் தொடங்கியவர்கள் வெறும் 1.5 சதவீதம். அப்படித் தொடங்கியவர்களில் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6. கொஞ்சம் தெம்பாக இருந்தவர்கள்தான் சேர்ந்திருப்பார்கள் என்பதும் இதில் ஒரு பங்கு, ஆனாலும் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் இருந்தது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், பயிற்சிக்கு அனுப்பி ஒரு லெட்டர் எழுதாததால் எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள்!

சரி, டாக்டரிடம் எப்படிக் கேட்பது? "ரீஹேப் தேவையா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். போவதற்கு முன்னால், எந்த வேலையில் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று நான்கு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டர்கள் மூச்சுத்திணறலை 0 முதல் 4 வரை ஒரு அளவுகோலில் பார்ப்பார்கள், உடை மாற்றவே மூச்சு வாங்குவது அதில் 4, பயிற்சிக்கு அனுப்ப 2 வந்தாலே போதும். நோட்டைக் காட்டிவிட்டு, ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள், இதயத்தைப் பார்த்துப் பயிற்சிக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள், பிசியோதெரபிஸ்டுக்கு ரெஃபரல் லெட்டர் கேளுங்கள். தடை என்றால் உண்மையான தடைகள் உண்டு: சமீபத்தில் மாரடைப்பு, ஓய்விலும் வரும் நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இதயத்துடிப்புக் கோளாறு, இதய வால்வு மிகவும் சுருங்கியிருப்பது. இவை இல்லை என்றால் "முடியாதவர்" என்பது காரணமே இல்லை, முடியாதவருக்காக உருவானதுதான் இந்தப் பயிற்சி.

அந்த நடைப் பரிசோதனையை நினைத்து அப்பா பயப்பட வேண்டாம். 30 மீட்டர் நீளமுள்ள வராந்தாவில் இரண்டு முனையிலும் ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், கூடவே ஒருவர் கடிகாரத்தோடு. மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. எவ்வளவு தூரம் வந்தார் என்பதை வைத்துத்தான் அவருக்கு எந்த வேகம், எத்தனை நிமிடம் என்று முடிவு செய்வார்கள். தொடர்ந்து நடக்க முடியாதவருக்கு ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்றுகூடத் தொடங்குவார்கள். வாரம் இரண்டு மூன்று நாள், 6 முதல் 12 வாரம். நடையோடு கைகால் தசைக்கு எடைப் பயிற்சி, இன்ஹேலரைச் சரியாகத்தான் இழுக்கிறாரா என்று பார்ப்பது, உணவு, பயத்தைப் போக்குவது எல்லாம் சேர்ந்தது. மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து "இதை இழுங்கள்" என்று அனுப்பிவிட்டால் அது ரீஹேப் ஆகாது, பலரும் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள்.

மையம் பக்கத்தில் இல்லை, அல்லது கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2017-இல் வந்த ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் வாரம் ஒரு போன் மட்டும் செய்தார், பயிற்சி முடிந்த கட்டத்தில் நடைதூரத்தில் கிடைத்த பலன் மையத்துக்குப் போனவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே தூரத்து மையமாக இருந்தாலும் பரிசோதனைக்கு ஒருமுறை போய்வாருங்கள், மீதியைப் போனில் நடத்துவார்களா என்று கேளுங்கள்.

அதுவரை, டாக்டர் தடை இல்லை என்றதும், கைப்பிடி உள்ள நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்வதையும் வீட்டுக்குள் சிறு நடையையும் தொடங்கலாம். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் சின்ன வாக்கியம் ஒன்றைச் சொல்ல முடிகிற அளவில் நிற்க வேண்டும். மூக்கால் இழுத்து, விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்லுங்கள், சிரமமான பகுதி வரும்போது, அதாவது எழும்போது, காற்றை வெளியே விட வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், உதடு நீலமாவது, ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே போவது, எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போடுங்கள். முதுகைத் தேய்த்துத் துடைக்க வேண்டாம், பெரிய துண்டைத் தோளோடு போர்த்தி உட்கார்ந்தால் அதுவே ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

பயிற்சி முடிந்ததும் விட்டுவிட்டால் 6 முதல் 12 மாதத்துக்குள் பலன் கரைந்துவிடும், அதனால் அதற்குப் பிறகு எப்படித் தொடர்வது என்பதையும் மையத்திலேயே கேட்டுத் திட்டமாக வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு வாரம் தாண்டிவிட்டாலும் கதவு மூடிவிடாது, எப்போதும் தொடங்கலாம். ஆனால் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது, அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே போன் செய்து அந்த லெட்டரைக் கேளுங்கள்.