ஆரம்ப சுகாதார நிலையத்தில் களப்பயிற்சிக்குப் போகும் மாணவர் உருப்படியாக எதைக் கற்றுக்கொள்ளலாம்?

போஸ்டர் ஒட்டுவதும் பள்ளிக்கூடத்தில் கைகழுவும் முறை பற்றிப் பேசுவதும் உங்கள் பயிற்சிப் பதிவேட்டை நிரப்பும், அவ்வளவுதான். பி.பி.யையும் சுகரையும் பிழையில்லாமல் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலரோடு உங்களை அனுப்பினால், யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்பதே அந்த இரண்டு எண்களை வைத்துத்தான்.

டிஜிட்டல் பி.பி. கருவியில் பட்டனை அழுத்தினால் எண் வந்துவிடும் என்பதாலேயே தப்பும் அதிகம். களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு உடனே கையில் கருவியின் பட்டையைச் சுற்றினால் கூடுதலாகத்தான் காட்டும். 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் எதன்மேலாவது தாங்கலாக. திண்ணையில் கால் தொங்க உட்கார்ந்தால் சரிவராது. பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டாதீர்கள், சுருட்டிய துணியே கையை நெரிக்கும். மெல்லிய துணியென்றால் அதன் மேலேயே சுற்றுவது மேல். பருமனான கைக்குச் சிறிய பட்டை போட்டாலும் எண் ஏறும். அளக்கும்போது பேசக்கூடாது என்பதுதான் கிராமத்தில் ஆகப் பெரிய சிரமம். மருமகள் கதை சரியாக அப்போதுதான் தொடங்கும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110 வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் இருந்தால் யோசிக்காமல் 108.

பதிவேட்டில் 120/80, 130/80, 140/90 என்று வரிசையாகப் பூஜ்யத்தில் முடியும் எண்கள் இருந்தால் நம்பாதீர்கள். டிஜிட்டல் கருவி வரிசையாக அப்படிக் காட்டாது.

சுகரில் முதல் பொறி 'வெறும் வயிறு'. "சாப்பிடல" என்பார்கள், டீ கணக்கில் வராது. "காலையில டீ, காபி, ஹார்லிக்ஸ் ஏதாவது?" என்று தனியாகக் கேளுங்கள். மாம்பழமோ வெல்லமோ தொட்ட விரலில் குத்தினால் எண் எகிறும், அதனால் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு பிசகும். கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னால் போதும். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி வெயிலில் வைக்காதீர்கள். ஊசி ஆளுக்கொன்று, குத்தியதும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள். 70க்குக் கீழே காட்டி, ஆள் நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அட்டையை எடுத்துவரச் சொல்லி, வாங்கிய தேதியிலிருந்து எத்தனை மிச்சமென்று எண்ணுங்கள். பி.பி. இறங்கிவிட்டதென்று நிறுத்தியவர், தலை சுற்றும் நாளில் மட்டும் போடுகிறவர், இரண்டு மாத்திரையை ஒன்றாக்கியவர் எல்லாரும் அப்போதுதான் வெளியே வருவார்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை காலி அட்டையைத்தான் காட்டுவார்கள்.

ஆட்கள் வேலைக்குப் போகிற ஊரில் பகல் 11 மணிக்குக் கதவைத் தட்டிப் பயனில்லை, காலை 7 மணிக்கு முன்போ மாலை 5க்குப் பிறகோ போங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், கிராம சுகாதார செவிலியருக்கு உங்களோடு நடக்க நேரமிருக்காது. பயிற்சி முடியும்போது, மருந்தை விட்டவர்களின் பெயர், வீட்டு அடையாளம், விட்ட காரணம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி அந்தச் செவிலியர் கையில் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையில் அந்தப் பெயர்கள் வரவே கூடாது.