பெரியம்மாவுக்கு ஸ்கூட்டி சொல்லிக்கொடு

அன்புள்ள ஐயா,

நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 62. கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை எங்கே போனாலும் அவர் வண்டியின் பின்சீட்டில்தான். இப்போது காய்கறி வாங்கக்கூட ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் துணிந்து ஸ்கூட்டி பழக ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே விழுந்து முழங்கை தேய்ந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் போனில் அழுகிறாள். தெருவில் "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்கிறார்கள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். தங்கை குடும்பம் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. அவள் மகனுக்கு 24 வயது. குரூப் 2 தேர்வு இரண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. இப்போது புத்தகத்தைத் தொடுவதே இல்லை. நான் நாலு நல்ல வார்த்தை சொல்லப் போனால், "அட்வைஸ் வேண்டாம் பெரியம்மா" என்று எழுந்து போய்விடுகிறான். வயதானவர்கள் சின்னவர்களுக்கு எப்படித்தான் ஊக்கம் கொடுப்பது?

ம.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முழங்கை ஆறிவிட்டதா? கடிதத்தைப் படித்ததும் முதலில் கேட்கத் தோன்றியது அதுதான்.

நீங்கள் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. அதற்குக் காரணம் என் அம்மா.

1991ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தானே வெளியே போய்வர ஒரு பெண்ணுக்கு வழி இருந்தால் அவள் கற்றதும் அவளிடம் நிற்கும் என்ற யோசனை. அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988ல் தொடங்கியபோது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களைத்தான் மனதில் வைத்திருந்தது. சைக்கிள் பழகியபோது அம்மாவுக்கு 47. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மருமகன் வந்துபோகிற வீட்டில் மாமியார் சைக்கிள் பழகுவதா என்று அப்பாவின் அக்கா ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அம்மா பதில் சொல்லவில்லை. பழகப் போவதையும் நிறுத்தவில்லை.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுப் பெண். பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு வீட்டில் இருந்தவள். தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அந்தப் பெயிலான பொண்ணு" என்பார்கள். அறிவொளியில் தொண்டராகச் சேர்ந்திருந்தாள்.

விடியற்காலையில் கண்மாய்க்கரைக்குப் போவார்கள். அவளுடைய அப்பாவின் பழைய சைக்கிள். அம்மா கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். முதல் நான்கைந்து நாள் அவளுக்கு வாயே திறக்கவில்லை. தன்னைவிட முப்பது வயது பெரியவரை எப்படித் திருத்துவது? அம்மா முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டி ஒரு நாள் நேராகக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தார். வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, விளக்கெண்ணெய் தடவி, ஊக்கு முனையால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். எடுத்துக்கொண்டே, "சக்கரத்தப் பாக்காதீங்கன்னு நேத்தே சொல்லணும்னு நெனச்சேன் அத்தை" என்றாள். அம்மா கையை இழுத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நெனச்சா சொல்லணும்ல? நீதானே எனக்கு டீச்சர்?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார், தெருவில் எல்லார் எதிரிலும். மறுநாள் காலை கண்மாய்க்கரையிலிருந்து, "அத்தை, தூரமாப் பாருங்க! தூரமா!" என்று அவள் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அதுவரை அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

அம்மா பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ரேஷன் கடை, மில், அக்கா வீடு. அவர் சைக்கிளில் போன அதிகபட்ச தூரம் ஏழு கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பெண் அடுத்த வருடம் கணக்குத் தேர்வைத் தனியாக எழுதினாள், தேறினாள். அவளைத் தேர்வு எழுதச் சொல்லி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில் ஒரு தடவை தோற்றதோடு இன்ஸ்டிடியூட் பக்கம் போவதை விட்டிருந்தேன். வீட்டில் வந்து போகிறவர்கள் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். உங்கள் தங்கை மகன் எழுந்து போவதைப் போலவே நானும் எழுந்து போவேன். அம்மா மட்டும் எதுவும் சொன்னதில்லை. அந்த வருடம் கார்த்திகைக்கு முன்னால் ஒரு நாள் நான் மறுபடியும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். எதற்காகப் போகிறேன் என்று அன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் கையில் முள் தழும்போடு எனக்குக் காப்பி கொடுத்த அம்மாவுக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. ஸ்கூட்டி பழகுங்கள். தங்கை மகனிடம் பழகுங்கள்.

இரண்டு தடவை தேர்வு எழுதிக் கிடைக்காமல் போன பையனிடம் வீட்டில் எல்லோரும் எதையாவது கொடுக்கத்தான் பார்க்கிறார்கள். ஆறுதல், யோசனை, அடுத்த வீட்டுப் பையனின் கதை. வாங்கி வாங்கி அவனுக்குச் சலித்திருக்கும். அவனிடமிருந்து யாரும் எதையும் கேட்பதில்லை. தன்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று அவன் முடிவு செய்திருக்கலாம். ஒரு பெரியவர் போய், "எனக்கு இது தெரியவில்லை, நீ சொல்லிக்கொடு" என்று நின்றால் அது அவனுக்குள் எங்கே போய்ச் சேரும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மாவைப் பற்றி நீங்களும் படித்திருப்பீர்கள். 2018ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். இந்த மாதிரிச் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது என்ன ஆகிறது? 62 வயதில் முழங்கை தேய்ந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு நாம் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்புதான் வரும். எனக்கு அந்த 98 பெரிதாகத் தெரியவில்லை. அவருக்குப் படிக்க ஆசை வந்ததே மகள் அறுபது வயதை ஒட்டித் தேர்வு எழுதியதைப் பார்த்துத்தான். வீட்டில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் கொள்ளுப்பேத்திகள், சின்னப் பிள்ளைகள். ஒரு கொள்ளுப்பாட்டிக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த பிள்ளை பிற்பாடு எந்தத் தேர்வைப் பார்த்துப் பயப்படும்? அதை நினைத்துத்தான் எனக்குச் சந்தோஷம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியையும் இங்கே சொல்ல வேண்டும். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல், 11 படுக்கையோடு அந்த மருத்துவமனையை ஆரம்பித்தார். அங்கே கிராமத்துப் பெண்களைப் படிப்பு முடிந்த கையோடு சேர்த்துக்கொண்டு, பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை தொடங்கி அறுவை அரங்கில் உதவுவது வரை ஒப்படைத்தார்கள். உன்னால் முடியும் என்று ஒரு பெண்ணிடம் நூறு தடவை சொல்வதும், ஒரு நோயாளியின் கண்ணை நம்பி அவள் கையில் கொடுப்பதும் ஒன்றாகுமா? உங்கள் தங்கை மகன் கையில் நீங்கள் கொடுக்கப் போவது உங்கள் உடம்பை. அவன் பிடியை நம்பித்தான் வண்டியில் ஏறப் போகிறீர்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். இதை அவனைத் தேற்றுவதற்கான உபாயமாக மட்டும் செய்யாதீர்கள். நிஜமாகவே வண்டி ஓட்ட ஆசையிருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பொய்யாகக் கேட்டால் முதல் நாளே அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, வண்டி ஓட்ட வந்த பிறகு ஒரு நாள் உங்கள் வாயில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: "62 வயசுல என்னாலயே முடிஞ்சுது, உனக்கென்ன?" அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன நிமிடத்தில் நீங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அவனுக்கு அட்வைஸாக மாறிவிடும்.

சரி, வண்டிக்கு வருவோம். சட்டத்தில் லைசென்ஸ் எடுக்கக் குறைந்தபட்ச வயதுதான் உண்டு, அதிகபட்ச வயது என்று ஒன்று கிடையாது. தெருவில் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்று வாங்க வேண்டும். அந்தச் சாக்கில் கண்ணையும் எலும்பையும் முறையாகவே பார்த்துவிடுங்கள். நம் வயதில் விழுவது சின்ன விஷயம் இல்லை, மகள் அழுவதிலும் நியாயம் இருக்கிறது. அவளிடமே ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அவளும் இதில் சேர்ந்துகொள்ளட்டும்.

சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். எட்டாத வண்டியில் பழகாதீர்கள். முதல் சில நாள் எஞ்சினைப் போடவே வேண்டாம். மைதானத்தில் காலால் உந்தி உந்திப் போய், பிரேக் பிடித்து நிறுத்திப் பழகுங்கள். நீங்கள் எப்படி விழுந்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பயத்தில் வலது கை இறுகும், ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பும், வண்டி பாயும். பயம் வந்தால் வலது கையைத் தளர்த்த வேண்டும். இது உடம்புக்குப் படியச் சில நாள் ஆகும். அதுவரை பக்கத்தில் ஓடிவர ஒரு ஆள் வேண்டும்.

எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், வாங்கினால் 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். நாளைக் காலையே மாடிப்படி ஏறிப்போய்க் கேளுங்கள். அவன் உடனே சரி என்று சொல்லாமலும் இருக்கலாம். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். உங்களைத் திருத்தத் தயங்கினால், நெனச்சா சொல்லணும்ல என்று அம்மா சொன்னதைச் சொல்லுங்கள்.

எல்எல்ஆர் முடிவதற்குள் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதைவிட, மைதானத்தில் அவன் எப்படிச் சத்தம் போட்டான் என்பதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.