மலையும் கரியும் மனுஷங்களும்: வெஸ்ட் வர்ஜீனியா பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைகளைப் பத்தி கொஞ்சமா எழுதியிருந்தேன், அதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு. அதுல வெஸ்ட் வர்ஜீனியா பத்தி கேட்டதை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கறேன்.

வர்ஜீனியான்னு ஒரு மாநிலம் இருக்கும்போது வெஸ்ட் வர்ஜீனியான்னு இன்னொண்ணு எதுக்கு? எப்ப பிரிஞ்சது? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

அடிமை முறையை விட மனசில்லாம தெற்கு மாநிலங்கள் தனியா பிரிஞ்சு போகப் பார்த்ததால வந்த உள்நாட்டுப் போர் நடக்கும்போதுதாம்மா பிரிஞ்சது. அதுக்கு முன்னாடி மொத்தமும் ஒரே வர்ஜீனியா, ஆனா கிழக்குல இருந்தவங்க கையில பெரிய பெரிய தோட்டம், அடிமைங்க, ரிச்மண்ட்ல ஆட்சி எல்லாமே இருந்துச்சு, மேற்குல மலையில இருந்தவங்க பெரும்பாலும் சின்ன விவசாயிங்க. 1851ல வந்த அரசியல் சட்டப்படி 12 வயசுக்குக் கீழ உள்ள அடிமைக்கு முதலாளி சொத்து வரியே கட்ட வேணாம், மத்த அடிமைங்களுக்கும் தலைக்கு 300 டாலர்னு கம்மியா மதிப்பு போட்டு வெச்சுட்டாங்க, ஆனா மலைக்காரன் தன்னோட நிலத்துக்கு முழு மதிப்புக்கு வரி கட்டணும். இந்த ஆத்திரம் ரொம்ப வருஷமா உள்ளுக்குள்ளயே புகைஞ்சுகிட்டு இருந்துச்சு. 1861 ஏப்ரல்ல நாங்க அமெரிக்காவை விட்டு வெளிய போறோம்னு ரிச்மண்ட்ல தீர்மானம் போட்டதும் மலைக்காரங்க வீலிங்ங்கற ஊர்ல கூடி, நாங்கதான் உண்மையான வர்ஜீனியா அரசுன்னு சொல்லி பிரான்சிஸ் பியர்பான்ட்டை கவர்னரா உக்கார வெச்சு, அப்புறம் அந்த அரசுகிட்டயே தனி மாநிலத்துக்கு சம்மதமும் வாங்கிட்டாங்க. 1862 டிசம்பர் 31 அன்னிக்கு லிங்கன் கையெழுத்து போட்டார், 1863 ஜூன் 20ல 35வது மாநிலமா சேர்ந்தது, அடிமை முறையை படிப்படியா ஒழிக்கணுங்கற நிபந்தனையோட. அதுக்காக மலைக்காரங்க எல்லாருமே அடிமை முறைக்கு எதிரின்னு எடுத்துக்காதீங்க, தெற்குப் பக்கத்து மாவட்டங்கள்ல இருந்து ஏகப்பட்ட பேர் பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட கான்ஃபெடரேட் படையில சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்னு சண்டை போட்டிருக்காங்க.

அமெரிக்காவுல சுரங்கத் தொழிலாளிங்க துப்பாக்கியோட மலையேறி போர் நடத்தினாங்கன்னு ஒரு நண்பர் சொல்றார், நம்பவே முடியல. நிஜமா? (வாசகர், தூத்துக்குடி)

நிஜம்தாங்க. இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அந்த ஊர் பள்ளிக்கூடப் புத்தகத்துலயே ரொம்ப காலம் இது பேச்சே இல்லாம இருந்த விஷயம்.

அங்க கரிச் சுரங்கத்துல வேலைக்குப் போனா வீடு கம்பெனியோடது, மளிகைக் கடை கம்பெனியோடது, டாக்டர் கம்பெனி ஆளு, போலீஸ் மாதிரி சுத்தற காவல்காரனுக்கும் கம்பெனிதான் சம்பளம். கூலியைக் கூட நிறைய இடத்துல பணமா தராம கம்பெனி டோக்கனா தருவாங்க, அது அந்தக் கடையில மட்டும்தான் செல்லும், வெளிய செல்லாது. யூனியன்ல சேர்ந்தது தெரிஞ்சா வேலையும் போச்சு வீடும் போச்சு, பொண்டாட்டி புள்ளையோட சட்டிபானையைத் தூக்கி ரோட்டுல போட்டுடுவாங்க, அப்புறம் மழையிலயும் பனியிலயும் கூடாரத்துலதான் குடித்தனம்.

1920 மே 19 அன்னிக்கு மேட்வான்ங்கற சின்ன ஊருக்கு சுரங்க கம்பெனிங்க கூலிக்கு வெச்சிருந்த பால்ட்வின் ஃபெல்ட்ஸ் டிடெக்டிவ் ஏஜென்சி ஆளுங்க வந்து இதே மாதிரி குடும்பங்களை காலி பண்ணிட்டு ரயிலுக்குக் கிளம்பறாங்க. ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட் தொழிலாளிங்க பக்கம் நின்னவர், மேயர் டெஸ்டர்மேனும் அப்படித்தான், ரெண்டு பேரும் வழி மறிச்சாங்க. வாக்குவாதம் முத்தி துப்பாக்கி வெடிச்சு, ஏஜென்சி ஆளுங்க 7 பேரு, மேயரு, ரெண்டு தொழிலாளிங்கன்னு 10 உயிர் போச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1ல சிட் ஹாட்ஃபீல்டும் அவர் நண்பர் எட் சேம்பர்ஸும் வெல்ச் ஊர் கோர்ட்டுக்கு ஒரு கேஸுக்காக கையில ஆயுதம் இல்லாம பொண்டாட்டிங்களோட படியேறிப் போறப்போ படியிலயே வெச்சு சுட்டுக் கொன்னாங்க. அதுக்காக யாரும் தண்டனை அனுபவிக்கல.

அதுக்கப்புறம் ஜனங்களை அடக்க முடியல. கிட்டத்தட்ட 10,000 தொழிலாளிங்க கழுத்துல சிவப்பு கைக்குட்டை கட்டிகிட்டு மேட்வான் இருக்கிற மிங்கோ மாவட்டத்தை நோக்கி நடந்தாங்க, அதுல வெள்ளைக்காரங்க, கறுப்பின மக்கள், இத்தாலியில இருந்து வந்தவங்க எல்லாரும் ஒண்ணா இருந்தாங்க. அந்தக் காலத்து அமெரிக்காவுல பள்ளிக்கூடமே நிறம் பார்த்துதான், அந்த ஊர்ல ஒரே அணியா நடந்தாங்கங்கறது சாதாரண விஷயம் இல்ல, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பெரிசா படறதே அதுதான். வழியில பிளேர் மலை உச்சியில லோகன் மாவட்ட ஷெரிஃப் டான் சாஃபின் ஆளுங்களோட மெஷின் கன் வெச்சு காத்திருந்தார், அவருக்கு சுரங்க முதலாளிங்க பணம் தந்துகிட்டு இருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆகஸ்ட் கடைசியில இருந்து செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும் சண்டை, தனியார் விமானத்துல இருந்து தொழிலாளிங்க மேல கையால செஞ்ச குண்டு கூட போட்டாங்க. கடைசியில ஜனாதிபதி ஹார்டிங் ராணுவத்தை அனுப்பினார். தொழிலாளிங்கள்ல பல பேரு முதல் உலகப்போர்ல அதே ராணுவத்துல இருந்துட்டு வந்தவங்க, ராணுவத்து மேல சுட மாட்டோம்னு கலைஞ்சு போயிட்டாங்க.

தலைவர்ல ஒருத்தரான பில் பிளிஸார்ட் மேல தேசத்துரோக வழக்கு போட்டு சார்ல்ஸ் டவுன் ஊர்ல விசாரிச்சாங்க, அடிமைங்களை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனுக்கு 1859ல தூக்குத் தண்டனை சொன்னதும் அதே ஊர் கோர்ட்டுதான். பிளிஸார்டை 1922ல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. ஆனாலும் யூனியன் அங்க நொடிச்சுப் போயி, 1933ல தொழிலாளிங்க யூனியன்ல சேர உரிமை தந்த ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டம் வந்த பிறகுதான் எழுந்து நின்னுச்சு.

போபால் விஷவாயு கம்பெனிக்கு அந்த மாநிலத்துல ஃபேக்டரி இருந்துச்சாமே? (ஆசிரியை, கோவை)

ஆமா மேடம், தலைநகர் சார்ல்ஸ்டன் பக்கத்துல இன்ஸ்டிட்யூட்ங்கற ஊர்ல யூனியன் கார்பைடு ஃபேக்டரி இருந்துச்சு, போபால்ல கசிஞ்ச அதே மீதைல் ஐசோசயனேட் அங்கயும் தயாராச்சு. 1985 ஆகஸ்ட்ல அங்க வேற ஒரு ரசாயனம் கசிஞ்சு நூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அந்த ஊர் பெரும்பாலும் கறுப்பின மக்கள் இருக்கிற ஊர், ஃபேக்டரி பக்கத்துலயே அவங்களுக்காக ஆரம்பிச்ச பழைய காலேஜ் இருக்கு.

அதுக்கு ரொம்ப முன்னாடியே 1930ல கார்பைடோட துணைக் கம்பெனி ஒண்ணு காலி பிரிட்ஜ் பக்கத்துல ஆத்துத் தண்ணியை மின்சாரத்துக்குத் திருப்ப ஹாக்ஸ் நெஸ்ட்ங்கற இடத்துல மலையைக் குடைஞ்சு கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டாங்க. அந்தப் பாறை பூராவும் சிலிகா, அதோட தூசி மூச்சுல போனா நுரையீரல் கெட்டுடும். தண்ணி விட்டுத் துளை போட்டா தூசி அடங்கும், ஆனா வேலை மெதுவாகும்னு காய்ஞ்ச பாறையிலயே துளை போட வெச்சாங்க, முகமூடியும் தரல. உள்ள வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க தெற்கு மாநிலங்கள்ல இருந்து பொழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளிங்க. வருஷக் கணக்குல வர வேண்டிய நுரையீரல் நோய் சில மாசத்துலயே வந்து செத்தாங்க. அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில 476 பேருன்னு கணக்கு சொன்னாங்க, பின்னாடி ஆய்வு பண்ணினவங்க 764ன்னு மதிப்பிட்டாங்க. போபாலைப் பத்தி பேசும்போது இதையும் சேர்த்துப் பேசணும்ங்கறது என் கருத்து.

அங்க கறுப்பின மக்கள் ரொம்பக் கம்மின்னு படிச்சேன், பெரிய ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா? (வாசகர், சேலம்)

எண்ணிக்கையில கம்மிதான், ஆனா வந்த ஆளுங்களைப் பாருங்க. அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962ல பூமியைச் சுத்தி வந்தப்போ கம்ப்யூட்டர் போட்ட கணக்கை கையால சரிபார்த்துக் கொடுத்த நாசா கணித மேதை கேத்தரின் ஜான்சன், 1918ல வெஸ்ட் வர்ஜீனியா ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ்ல பொறந்தவங்க. அந்த ஊர்ல கறுப்பினப் பசங்களுக்கு உயர்நிலைப் பள்ளி கிடையாதுன்னு குடும்பமே இன்ஸ்டிட்யூட் ஊருக்கு வந்து தங்கி படிக்க வெச்சிருக்காங்க, மேல சொன்னேனே அதே ஊர்தான், 18 வயசுல அங்கயே டிகிரி முடிச்சுட்டாங்க. கறுப்பின வரலாறுன்னு ஒரு துறையையே உருவாக்கின கார்ட்டர் வுட்சன் வர்ஜீனியாவுல பொறந்தவர், இளவயசுல இங்க கரிச் சுரங்கத்துல வேலை பார்த்திருக்கார்.

அந்த ஊர் சாப்பாடு எப்படி? (இல்லத்தரசி, மதுரை)

மலைக்காட்டுல வசந்த காலத்துல ராம்ப்ஸ்னு ஒரு கீரை முளைக்கும் அக்கா, வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மாதிரி வாடை தூக்கலா இருக்கும், உருளைக்கிழங்கோட பன்றிக் கொழுப்புல வதக்கி சாப்பிடுவாங்க, அதுக்குன்னு ஊர் ஊரா விருந்தே நடக்கும். தினப்படி சாப்பாடுன்னா வேகவெச்ச பயறும் சோள ரொட்டியும். இன்னொண்ணு பெப்பரோனி ரோல், மெத்துனு இருக்கிற பன்னுக்குள்ள காரமான சாசேஜை வெச்சு சுட்டது, கொழுப்பு உருகி பன்னுல ஊறி செவசெவன்னு இருக்கும். ஃபேர்மான்ட் ஊர்ல இத்தாலிக்காரர் ஜூசெப்பே ஆர்ஜிரோ 1927 வாக்குல ஆரம்பிச்சது, சுரங்கத்துக்குள்ள ஒரு கையால புடிச்சு சாப்பிடலாம், சீக்கிரம் கெட்டும் போகாது. அதே ஃபேர்மான்ட் பக்கத்துல மோனங்காவுல 1907 டிசம்பர் 6ல சுரங்கம் வெடிச்சு 362 பேர் செத்தாங்க, அதுல நிறைய பேர் இத்தாலியில இருந்து வந்தவங்க. அமெரிக்கச் சுரங்க வரலாற்றுலயே பெரிய சாவு அதுதான்.

இப்ப அங்க நிலைமை என்ன? போய் பார்க்கலாமா? (வாசகர், திருச்சி)

1950ல 20 லட்சம் பேர் இருந்த மாநிலம், 2020 கணக்கெடுப்புல 18 லட்சத்துக்கும் கீழ வந்துடுச்சு. மெஷின் வந்து ஆள் குறைச்சாங்க, அப்புறம் மலை உச்சியையே வெடி வெச்சு பேத்து கரி எடுக்க ஆரம்பிச்சாங்க, ஆத்துல மண்ணு, வேலைக்கு ஆளும் வேணாம். ஆனா போராட்டக் குணம் போகல, 2018ல சம்பளமும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் சரியில்லன்னு 55 மாவட்டத்துலயும் பள்ளிக்கூடத்தை மூடி ஆசிரியருங்க ஸ்ட்ரைக் பண்ணினாங்க, பல பேர் அந்த சிவப்பு கைக்குட்டையைக் கட்டிகிட்டு வந்தாங்க, 5 சதவீதம் சம்பள உயர்வு வாங்கிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினாங்க.

தாராளமா போங்க. நியூ ரிவர் கார்ஜ் பாலம் 1977ல கட்டினது, ஆத்துல இருந்து 876 அடி உயரம், அக்டோபர்ல ஒரு நாள் வண்டிகளை நிறுத்திட்டு ஜனங்களை நடக்க விடுவாங்க, இலை நிறம் மாறுற சீசனும் அதுதான். பெக்லியில பழைய கரிச் சுரங்கத்துக்குள்ள வண்டியில உக்கார வெச்சு சுரங்கத்துல வேலை பார்த்தவங்களே விளக்கம் சொல்லி கூட்டிட்டுப் போறாங்க. மேட்வான்ல சுரங்கப் போர் மியூசியம் இருக்கு, ரெண்டு நாள் இருந்தா பெக்லியையும் மேட்வானையும் சேர்த்தே பார்த்துடலாம்.