பழைய பிரெஞ்சு கிரைம் காமெடி ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்? சப்டைட்டிலோடு பார்த்தால் சிரிப்பு வருமா?

'லே தோந்தோன் ஃப்ளேங்கர்' பாருங்கள். 1963 நவம்பரில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் ழோர்ழ் லோட்னர், வசனம் மிஷெல் ஓதியார். சிரிப்பு வருமா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு முதல் தடவை வரவில்லை. பாதியில் தூங்கிவிட்டேன்.

வேலைக்காக நான்கு வருடம் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் இருந்தேன். போன முதல் குளிர்காலத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அவருடைய மாமனார் லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்துவந்து, கட்டைவிரல் அளவு கிளாஸ்களில் ஊற்றினார். கிராமத்தில் காய்ச்சிய சரக்கு. ஒரு வாய் குடித்தேன், தொண்டை வழியாகத் தீ இறங்கியது. மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் "ஆப்பிள் சுவை மாதிரி தெரியுதே" என்றேன். மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் "யான்னா!" என்று கத்தினார்கள். 'இருக்கு' என்று அர்த்தம். அப்புறம் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். இந்தப் படத்தில் வரும் வசனமாம் அது, அடுத்து நான் பீட்ரூட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படத்தை மறுபடி போட்டு, அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். சமையலறை. பக்கத்து ஹாலில் இளவட்டங்கள் பார்ட்டி கொண்டாடுகிறார்கள். இங்கே கோட்டும் டையுமாக நடுவயது ரவுடிகள் உட்கார்ந்து, பிள்ளைகளுக்காக ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் சற்று முன்புதான் கணக்குத் தீர்க்கத் துப்பாக்கியோடு வந்தவர்கள். நல்ல சரக்கையெல்லாம் பிள்ளைகள் காலி செய்துவிட்டதால், அலமாரிக்குள் கிடக்கும் ஏதோ ஒரு பழைய பாட்டிலைத் திறக்கிறார்கள். முதல் மடக்கில் எல்லோருக்கும் பேச்சு நின்றுபோகிறது. ஒருவர் ஆப்பிள் ருசி என்கிறார், இருக்கு என்று பதில் வருகிறது. ஆப்பிள் மட்டுமில்லையே, பீட்ரூட்டோ என்று சந்தேகம், அதுவும் இருக்கு என்று பதில். குடித்தவர்களுக்குக் கண் பார்வை போக ஆரம்பித்ததால் இதைக் காய்ச்சுவதையே நிறுத்த வேண்டியதாயிற்று என்று, ஏதோ பஸ் ரூட்டை நிறுத்திய மாதிரி சொல்கிறார்கள். ஒரு போலந்துக்காரி இதைக் காலைப் பலகாரத்தோடு குடிப்பாளாம். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் பழைய நாள், பழைய ஆட்கள் என்று கண்ணீர்வேறு.

கதைக்கு இந்தக் காட்சி தேவையே இல்லை. வெட்டிவிட்டால் ஒன்றும் குறையாது. ஓதியாரே இதை வேண்டாம் என்று நினைத்ததாகச் சொல்வார்கள். கடைசியில் ஊரே மனப்பாடம் செய்தது இதைத்தான்.

சரி, கதை. ஃபெர்னான் என்பவர் பழைய ரவுடி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மொந்தோபானில் டிராக்டர் விற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். சாகக் கிடக்கும் பால்ய நண்பன் பாரிஸுக்குக் கூப்பிட்டு, தன் தொழிலையும் மகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். தொழில் என்றால் சூதாட்டக் கிளப், கள்ளச்சாராயம், விபச்சார விடுதி. கூட இருந்தவர்களெல்லாம் 'நேற்று வந்த டிராக்டர்காரன் யார்' என்று எகிறுகிறார்கள். மகளுக்கு எதுவும் தெரியாது, அவளுக்கு இவர் மாமா, அவ்வளவுதான். 'தோந்தோன்' என்பது மாமா, சித்தப்பாவைப் பிள்ளைகள் செல்லமாகக் கூப்பிடும் சொல். 'ஃப்ளேங்க்' துப்பாக்கிக்குக் கொச்சைப் பெயர். ஆக, 'சுட்டுத்தள்ளும் மாமாக்கள்'. தமிழில் மாமா என்றால் வேறு அர்த்தமும் வரும். கதையில் அந்தத் தொழிலும் இருப்பதால் பெரிய தப்பில்லை.

மொந்தோபான் துலூஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். ஒருமுறை அலுவலக வேலையாகப் பாரிஸ் போய், இரண்டு நாள் கூட்டத்தில் நொந்து திரும்பியபோது, பக்கத்து சீட்டு நண்பர் பெருமூச்சோடு "மொந்தோபானை விட்டே கிளம்பியிருக்கக் கூடாது" என்றார். அவருக்கு அந்த ஊரில் சொந்தபந்தம் யாரும் இல்லை. படத்தில் ஃபெர்னான் சொல்லும் வசனம் அது. நம் ஆட்கள் சமயம் பார்த்து வடிவேலு வசனத்தை எடுத்துவிடுவது போலத்தான். நம் பக்கத்தில் இருப்பவர் வெளியூர்க்காரர் என்றால் அவருக்கு என்ன புரியும்? அந்த நிலையில்தான் நான் இருந்தேன்.

சப்டைட்டிலில் போய்விடுவது இதுதான். கதை, ஆல்பேர் சிமோனான் எழுதிய நாவலிலிருந்து வந்தது. பாரிஸ் ரவுடிக் கொச்சையை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் ஒருவர். அந்தக் கொச்சையை ஓதியார் எடுத்து, வக்கீல் நோட்டீஸ் நடையோடு கலந்துவிட்டார். பெர்னார் பிளியே நடிக்கும் ராவுல் என்ற ரவுடி, ஃபெர்னானிடம் அடி வாங்கிவிட்டுப் படுக்கையில் கிடந்தபடி சபதம் போடுவார். "பாரிஸோட நாலு மூலையிலயும் அவனைத் தேடி எடுக்கணும், துண்டு துண்டா, ஜிக்சா மாதிரி" என்பார். அதோடு விடாமல், என்னை ரொம்பச் சீண்டினால் நான் தட்டித் திருத்த மாட்டேன், வெடி வைப்பேன், சிதறடிப்பேன், காற்றில் பறக்க விடுவேன் என்று வினைச்சொல்லாக அடுக்குவார். சப்டைட்டிலில் வெறும் மிரட்டலாகத்தான் வந்து நிற்கும். சொல்கிற ஆள் வாங்கிய அடியில் நொந்து கிடக்கிறார், சொல்கிற மொழியோ பிரகடனம். இந்த இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது. இதே படத்தில் ஃபெர்னான் சொல்லும் "முட்டாப்பயலுங்க எதுக்கும் துணிவானுங்க, அதை வெச்சுத்தான் அவனுங்களை அடையாளமே கண்டுபிடிக்கிறது" என்பது இப்போது பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

மொழி தெரியாமலும் சிரிக்க நிறைய இருக்கிறது. சைலன்சர் போட்ட துப்பாக்கிகள் பாட்டில் தக்கை கழன்ற மாதிரி 'ப்ளாப்' என்று சத்தம் போடும். வீட்டு பட்லர், முன்பு அதே வீட்டில் பெட்டி உடைக்க வந்து மாட்டி, அப்படியே வேலைக்குச் சேர்ந்துவிட்டவன். இசையமைப்பாளர் மிஷெல் மாக்ன் படம் முழுக்க ஒரே மெட்டைத்தான் பயன்படுத்தியிருக்கிறார், தேவாலய இசையாக ஒருமுறை, ட்விஸ்ட் நடன இசையாக ஒருமுறை. ராவுல் ஃபெர்னானை எதிர்பாராமல் சந்திக்கும்போதெல்லாம் மூக்கில் ஒரு குத்து விழும். அது வருவது நமக்கு முன்கூட்டியே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

ஃபெர்னானாக நடித்துக் குத்துவிடும் லினோ வென்தூராவைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் பார்மாவில் பிறந்தவர், மல்யுத்த வீரராக இருந்து நடிகரானவர். அவருடைய முதல் படமே 1954இல் சிமோனானின் இன்னொரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டது, அதில் நிஜமான வில்லத்தனம். இங்கே அதே முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, டிராக்டர் கடைக்குத் திரும்ப முடியாத ஆளின் எரிச்சலைக் காட்டுகிறார். காமெடி செய்கிற மாதிரி ஒரு நொடிகூடத் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. முதல் இருபது நிமிடம் இழுவை, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்றே போகும். பெண் பாத்திரங்கள் சும்மா பேருக்கு.

என் யோசனை: முதலில் சமையலறைக் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். பிடித்தால் முழுப் படம். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் பிரெஞ்சு சப்டைட்டிலையே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு மூன்றாவது தடவை அப்படித்தான் பிடிபட்டது.

அடுத்த முறை அந்த மாமனார் வீட்டுக்குப் போனபோது தயாராகப் போய், இரண்டாவது கிளாஸில் பீட்ரூட் கேள்வியைக் கேட்டேன். கைதட்டினார்கள். அப்புறம்தான் பெரியவர் சொன்னார், அந்தப் பாட்டிலில் ஆப்பிளும் இல்லையாம், பீட்ரூட்டும் இல்லையாம். முழுக்க பிளம் பழம்.