நீரில் குறைந்த சீசியம் வண்டலில் ஏன் குறையவில்லை?

ஆற்று நீரில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் சில ஆண்டுகளிலேயே பல மடங்கு இறங்கிவிட்டது, வண்டலில் மட்டும் அப்படியே நிற்கிறது, அளவீடு தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பாக இருக்க வேண்டியதில்லை. 30 ஆண்டு அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) என்பது கதிரியக்கச் சிதைவுக்கு மட்டும்தான். நீரில் அதைவிட வேகமாகக் குறைவது, சீசியம் இல்லைட் போன்ற களிமண் தாதுக்களின் அடுக்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்வதாலும், அந்தக் களிமண் அடியில் படிந்துவிடுவதாலும். இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 களிமண்ணில் இவ்வளவு இறுக்கமாக ஒட்டாது, பெரும்பாலும் கரைந்தே ஓடும்.

அப்புறம், மேல்வண்டலை மட்டும் அள்ளாமல் குழாய் இறக்கி மாதிரி எடுத்து அடுக்கடுக்காக அளந்து பாருங்கள், புது வண்டல் மூடியிருந்தால் சீசியம் மிக அதிகமுள்ள அடுக்கு கீழே தெரியும். துகள் அளவைக் கட்டாயம் குறித்துவையுங்கள்: மணல் கூடினாலே சீசியம் குறைந்ததுபோலக் காட்டும். வெள்ளம் பழைய வண்டலைக் கிளறிவிடும், அந்த ஆண்டுகளைத் தனியாகப் பாருங்கள்.