புதுக் குடியேற்றத்துக்கு விதி எழுதுகிறவருக்கு

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறிய உங்கள் ஊருக்கு ஒழுக்க விதிகள் எழுதினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, யாரும் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். ‘உண்மை பேசு’ போன்றவற்றை விட்டுவிடுங்கள், அதற்குக் கூட்டம் தேவையில்லை. சண்டை எங்கே வருமோ அங்கே தொடங்குங்கள்.

முதலில் கிணறு. பொதுக்கிணற்றில் யாரும் அள்ளலாம், சாதி பார்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். அப்படி மறிப்பது இலங்கையின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். இன்னொன்று, எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஒரு வளவின் மலக்குழிக் கழிவு வெடிப்புகளுக்குள்ளால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போய்விடும். குழியைக் கிணறுகளிலிருந்து தள்ளித் தோண்டுவதையும் விதியாக்குங்கள். அயலவரின் பிள்ளை குடிக்கிற தண்ணீர் அது!

அப்புறம் வேலி. 1990இல் போரால் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன எல்லை பலருக்கு மறந்திருக்கும். கயிறு பிடித்துக் கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) போடும்போது இரண்டு வளவுக்காரரும் நிற்க வேண்டும், ஒழுங்கையை, அதாவது வளவுகளுக்கு இடையிலான பொதுப்பாதையை, யாரும் ஒரு சாண்கூட உள்ளே எடுக்கக் கூடாது.

கூட்டத்தைத் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். அவர்கள் சொல்வதையும் கேட்டபிறகு எழுதினால் போதும்.